செவ்வாயில் ஒரு கல்லைத் தெரிவுசெய்தல்: ரோவர்கள் பற்றிய எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவர்களுடன் கோள்களைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: செவ்வாயில் ஓடுகிற வண்டியை அமெரிக்காவில் ஒரு மேசைக்கு முன் இருந்தபடி யாரோ ஓட்டுகிறார்களா? இல்லை என்பதே விடை. ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொண்டவருக்கு, ரோவர் ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது, ஏன் ஒரே பாறையின் முன் நாள்கணக்கில் நிற்கிறது, ஏன் அதன் கையில் துளைகருவி பொருத்தப்பட்டிருக்கிறது என்பனவும் படிப்படியாக விளங்கும். செய்திகளில் நாம் பெரும்பாலும் காண்பது ரோவர் தரையிறங்கும் காட்சியையும் அது அனுப்பும் செந்நிறப் படங்களையும்தான். அவை அழகானவை. ஆயினும், ஒரு ரோவரின் பயனை அது எந்தக் கல்லைத் தெரிவுசெய்தது, அந்தக் கல்லுக்குள் எதைக் கண்டது என்பவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் துணிபு.

ரோவர் என்பது என்ன?

ஒரு கோளை விண்கலத்தால் ஆராய முக்கியமான மூன்று வழிகள் உண்டு. கோளைச் சுற்றி வந்தபடி மேலிருந்து பார்க்கலாம்; தரையில் ஓரிடத்தில் இறங்கி அங்கேயே நிலைத்து நிற்கலாம்; அல்லது இறங்கிய பின் நகர்ந்து திரியலாம். மூன்றாவது வகையே ரோவர். 1976ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் இரண்டும் நிலைத்து நின்றவை. அவற்றின் இயந்திரக் கை எட்டிய மண்ணை மட்டுமே அவற்றால் அள்ளிச் சோதிக்க முடிந்தது. நாலு மீற்றருக்கு அப்பால் மிக அரிய பாறை ஒன்று கிடந்திருந்தாலும் அது படத்தில் மட்டுமே தெரிந்திருக்கும். இந்தக் குறையைப் போக்கவே சக்கரம் தேவைப்பட்டது.

முதல் முயற்சி சோவியத் ஒன்றியத்தினுடையது. 1971இல் தரையிறங்கிய மார்ஸ் 3 கலத்தினுள் ஒரு சிறு நகரும் கருவி இருந்தது. ஆனால் தரையிறங்கி இரண்டு நிமிடங்களுக்குள்ளேயே கலத்தின் தொடர்பு அறுந்துபோனதால் அக்கருவிக்கு வேலை செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை. செவ்வாயில் உண்மையில் ஓடிய முதல் ரோவர், 1997 ஜூலை 4ஆம் திகதி பாத்ஃபைண்டர் கலத்துடன் இறங்கிய சோஜர்னர். ஏறத்தாழ 10.5 கிலோகிராம் நிறையுடைய அந்தச் சிறு வண்டி, 7 நாள் வேலைக்கென அனுப்பப்பட்டு, 80 நாள்களுக்கு மேல் உழைத்து, மொத்தமாக ஏறத்தாழ 100 மீற்றர் ஓடியது. அதற்குப் பின் 2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஒப்பர்சூனிட்டி ஆகிய இரட்டை ரோவர்களும், 2012 ஓகஸ்டில் கியூரியோசிட்டியும், 2021 பெப்ரவரியில் பெர்சிவரன்ஸும் சென்றன. இவை அனைத்தும் நாசாவினுடையவை. 2021 மே மாதத்தில் சீனாவின் சூரொங் ரோவரும் இறங்கி, ஏறத்தாழ ஓராண்டு வேலை செய்தது. இந்தியாவின் பிரக்யானையும் இந்த வரிசையில் சேர்த்துச் சொல்வோர் உண்டு. 2023இல் ஓடிய அந்த ரோவர் சந்திரனுக்குரியது, செவ்வாய்க்குரியது அன்று.

இன்று இயங்குபவை கியூரியோசிட்டியும் பெர்சிவரன்ஸும். முன்னது 899 கிலோகிராம், பின்னது 1,025 கிலோகிராம் நிறையுடையவை. அதாவது ஒவ்வொன்றும் ஒரு சிறிய காரின் அளவு. பெர்சிவரன்ஸ் இறங்கிய செய்தி பூமியை எட்டியபோது இலங்கையில் பெப்ரவரி 19 அதிகாலை 2.25 மணி.

தூரமும் நேரமும்

பூமியும் செவ்வாயும் வெவ்வேறு வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால் அவற்றுக்கிடையிலான தூரம் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. மிக அருகில் வரும்போது ஏறத்தாழ 5.5 கோடி கிலோமீற்றர். மிகத் தொலைவில் இருக்கும்போது ஏறத்தாழ 40 கோடி கிலோமீற்றர். வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் என்ற வேகத்தில், செல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு கட்டளை செவ்வாயைச் சென்றடைய 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். "முன்னால் பள்ளம் இருக்கிறது" என்று ரோவர் அறிவித்து, அதைப் பார்த்த ஒருவர் "நில்" என்று சொல்லி, அந்தச் சொல் திரும்பிப் போய்ச் சேர்வதற்கு 40 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் வண்டி பள்ளத்தில் கிடக்கும். கைப்பிடியைத் திருப்பி ஓட்டுவது இயலாது என்பதற்கு இதுவே காரணம். கருவி போதாமை அன்று, ஒளியின் வேகமே அங்கே எல்லை போடுகிறது.

இரு கோள்களும் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒரு தடவை நெருங்கி வருகின்றன. 2025 ஜனவரியில் அவ்வாறு நெருங்கின. அடுத்து 2027 பெப்ரவரியில் நெருங்கும். அந்நாள்களில் செவ்வாய், சூரியன் மறையும் வேளையில் கிழக்கே உதித்து இரவு முழுவதும் செம்மஞ்சள் புள்ளியாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம். விண்கலங்களை ஏவுவதற்கும் இதே 26 மாத இடைவெளியில்தான் வசதியான காலம் வாய்க்கிறது. ஓர் ஏவுகை தவறினால் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 2020 ஜூலை 30இல் ஏவப்பட்ட பெர்சிவரன்ஸ் போய்ச் சேர ஏறத்தாழ 7 மாதங்கள் எடுத்தன.

ரோவரின் ஒரு நாள்

செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. இதனை விஞ்ஞானிகள் ஆங்கிலத்தில் சொல் (sol) என்பர். தரையிறங்கிய நாளிலிருந்து சொல் 1, சொல் 2 என எண்ணிக்கொண்டு போவார்கள். தரையிறங்கியபின் முதல் சில மாதங்கள், ரோவர் குழுவினர் தங்கள் தூக்கத்தையும் விழிப்பையும் அந்த நாளுக்கு ஏற்ப மாற்றி, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 40 நிமிடம் பிந்தி வேலைக்கு வருவது வழக்கம். இரண்டு, மூன்று வாரங்களில் பகலும் இரவும் முற்றாக இடம் மாறிவிடும்.

வேலை நடக்கும் முறை இதுதான். செவ்வாயில் பிற்பகலாகும்போது ரோவர் அன்று எடுத்த படங்களையும் அளவீடுகளையும் மேலே செல்லும் ஒரு செய்மதிக்கு அனுப்பும். மார்ஸ் றிக்கொனைசன்ஸ் ஓர்பிற்றர் போன்ற அந்தச் செய்மதிகள் அவற்றைப் பூமிக்கு அனுப்ப, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டன், ஸ்பெயினின் மட்ரிட், அவுஸ்திரேலியாவின் கன்பரா ஆகிய மூன்று இடங்களில் உள்ள பெரிய அலைவாங்கிகள் அவற்றைப் பெறும். பூமி சுழல்வதால் எப்போதும் ஏதாவது ஓரிடம் செவ்வாயைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மூன்று கண்டங்களில் அவற்றை அமைத்ததன் காரணம் அதுவே. செவ்வாயில் இரவாகி ரோவர் உறங்கும் நேரத்தில் பூமியில் விஞ்ஞானிகள் கூடிப் படங்களைப் பார்க்கிறார்கள். எந்தப் பாறைக்குப் போவது, எதற்கு எவ்வளவு மின்சாரம் செலவிடுவது என்று விவாதித்து முடிவெடுக்கிறார்கள். பொறியியலாளர்கள் அந்த முடிவை நூற்றுக்கணக்கான கட்டளைகளாக எழுதிச் சரிபார்த்து, செவ்வாயில் அடுத்த காலை விடியும்போது அனுப்பிவைக்கிறார்கள். பிறகு பிற்பகல் வரை ரோவர் தனியே வேலை செய்கிறது.

தனியே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ரோவரின் இரட்டைக் கமராக்கள் நம் இரு கண்களைப் போல ஆழத்தை அளக்கின்றன. அதைக் கொண்டு கணினி முன்னுள்ள தரையின் படமொன்றை வரைந்து, பெரிய கற்களையும் சரிவுகளையும் விலக்கித் தானே பாதையைத் தெரிவுசெய்கிறது. சக்கரம் சுழன்றும் வண்டி நகராமல் வழுக்கினால், அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அதைக் கண்டறிந்து நின்றுவிடும். பெர்சிவரன்ஸ் ஓட்டத்தின் பெரும்பகுதியை இவ்வாறே செய்கிறது. அதன் உச்ச வேகம் விநாடிக்கு 4.2 சென்ரிமீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 150 மீற்றர். நம்மில் எவரும் நடந்தே அதை முந்திவிடுவோம். ஆனால் அது பழுதானால் திருத்த ஒருவரும் அங்கே இல்லை என்பதையும் சேர்த்தே அந்த வேகத்தை மதிப்பிட வேண்டும்.

சக்கரமும் சக்தியும்

நாசாவின் ரோவர்கள் எல்லாவற்றுக்கும் ஆறு சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. வில் இல்லாத ஒரு நெம்புகோல் அமைப்பு அவற்றை இணைக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் கல்லின்மேல் ஏறினாலும் மற்றவை தரையை விட்டு எழாமல், வண்டியின் உடல் பெரும்பாலும் சமநிலையில் இருக்கும். அப்படியிருந்தும் ஆபத்து நீங்கவில்லை. ஒப்பர்சூனிட்டி 2005இல் ஒரு மணல்மேட்டில் புதைந்து ஐந்து வாரத்துக்கு மேல் போராடி வெளியேறியது. 2009இல் மென்மையான மண்ணில் சிக்கிய ஸ்பிரிட் வெளியேறவேயில்லை. 2010 மார்ச்சில் அதன் தொடர்பு நின்றது. கியூரியோசிட்டியின் அலுமினியச் சக்கரங்களைக் கூர்மையான கற்கள் கிழித்தன. ஆகவே பெர்சிவரன்ஸின் சக்கரங்கள் தடித்த தோலுடன் அமைக்கப்பட்டன.

சக்திக்கு இரண்டு வழிகள் கையாளப்பட்டுள்ளன. முதல் மூன்று ரோவர்களும் சூரொங்கும் சூரிய ஒளியை நம்பியவை. செவ்வாயின் நுண்தூசி சூரியத் தட்டுகளில் படிந்து மின்சாரத்தைக் குறைக்கும். சில வேளைகளில் வீசும் காற்றே அதைத் துடைத்தும்விடும். அப்படித்தான் 90 நாள் வேலைக்கு அனுப்பப்பட்ட ஒப்பர்சூனிட்டி 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 45 கிலோமீற்றர் ஓடி, வேற்றுலகில் மரதன் தூரத்தைக் கடந்த முதல் வண்டியாயிற்று. 2018இல் கோள் முழுவதையும் மூடிய தூசிப் புயல் அதை முடித்துவைத்தது. தன் பற்றரி குறைகிறது, இருள் சூழ்கிறது என்று அது கடைசியாகச் சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் உலவுகிறது. அப்படியொரு செய்தியை அது அனுப்பவில்லை. ஜூன் 10ஆம் திகதி அது அனுப்பியவை வெறும் எண்கள்: மீதமுள்ள சக்தி 22 வாற்று-மணி, வானத்தின் தூசிச் செறிவைக் காட்டும் அளவு 10.8. அவற்றை ஒருவர் சாதாரண மொழியில் விளக்கப்போய் அந்த வாசகம் பிறந்தது. எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு எண்களே போதுமான அளவு மனத்தைத் தொடும் என்று நினைக்கிறேன்.

கியூரியோசிட்டியும் பெர்சிவரன்ஸும் சூரியனை எதிர்பார்ப்பதில்லை. அவற்றின் பின்புறத்தில் 4.8 கிலோகிராம் புளூட்டோனியம் ஈரொட்சைட்டு உண்டு. அது கதிர்த்தொழிற்பாட்டால் தானே வெப்பத்தை வெளிவிட, அந்த வெப்பம் மின்சாரமாக மாற்றப்படுகிறது. புறப்படும்போது கிடைத்த மின்வலு ஏறத்தாழ 110 வாற்று. இரவில் −80 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும் குளிரில் கருவிகளைக் காப்பதற்கும் அதே வெப்பம் உதவுகிறது.

கல்லில் எதைத் தேடுகிறார்கள்?

இனி, இவ்வளவு ஏற்பாடும் எதற்காக என்பதற்கு வருவோம். இன்றைய செவ்வாயில் நீர் திரவமாகத் தரையில் நிலைத்திருக்க முடியாது. அதன் வளிமண்டல அமுக்கம் பூமியினதில் 100இல் ஒரு பங்கிலும் குறைவு. ஆனால் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறுகள் ஓடின, ஏரிகள் நிறைந்திருந்தன என்பதற்கு மேலிருந்து எடுத்த படங்களே சான்று தருகின்றன. நீர் இருந்த இடத்தில் நுண்ணங்கிகள் இருந்தனவா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை இருக்குமானால் அது நீரில் உருவான பாறைகளுக்குள்தான் இருக்கும்.

பாறை எப்படிப் பழைய நீரை நினைவில் வைத்திருக்கும் என்று கேட்பவருக்கு, நம் குடாநாட்டைக் காட்டலாம். இங்கே கிணறு வெட்டும்போது வெளிப்படும் சுண்ணாம்புக்கல், பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்து உருவானது. அந்தக் கல்லுக்குள் சிப்பிகளின் தடயங்கள் இன்றும் கிடைக்கின்றன. கடல் விலகிப் பல யுகங்கள் ஆன பிறகும், இந்நிலம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்பதைக் கல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கல்லின்மேல் கிடக்கும் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் நிறத்துக்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டு. செவ்வாயின் சிவப்புக்கும் காரணம் இரும்பு ஒட்சைட்டே. ஆனால் மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்து ஒருவர் யாழ்ப்பாணத்தின் கடல் வரலாற்றை அறிய முடியாது. தோண்டித்தான் அறிய வேண்டும். செவ்வாயிலும் நிலைமை அதுவே.

தோண்டுதல் படிப்படியாக வளர்ந்த கலை. ஸ்பிரிட்டிலும் ஒப்பர்சூனிட்டியிலும் இருந்தது பாறையின் மேற்பரப்பைச் சில மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தேய்க்கும் கருவி மட்டுமே. அவை கண்டுபிடித்தவை அப்படியும் பெரியவை. ஒப்பர்சூனிட்டி இறங்கிய இடத்தில் நீருடன் தொடர்புபட்ட இரும்புக் கனிமமான ஹெமரைற்றுச் சிறு உருண்டைகள் இறைந்து கிடந்தன. ஸ்பிரிட்டின் முன் சக்கரம் ஒன்று 2006இல் செயலிழந்ததால் அது பின்பக்கமாக, அந்தச் சக்கரத்தை இழுத்தபடி ஓடவேண்டி வந்தது. 2007இல் அந்தச் சக்கரம் கீறிய தடத்தில் வெண்ணிற மண் வெளிப்பட்டது. சோதித்தபோது அதில் ஏறத்தாழ 90 சதவீதம் சிலிக்கா. வெந்நீர் ஊற்று அல்லது எரிமலை நீராவி இருந்த இடத்தில்தான் அப்படிப்பட்ட மண் உருவாகும். பழுதான சக்கரம் இல்லாவிட்டால் ரோவர் அதன்மேல் ஏறிக் கடந்து போயிருக்கும்.

கியூரியோசிட்டிதான் செவ்வாயின் பாறையைத் துளைத்த முதல் ரோவர். அது இறங்கிய, விண்கல் மோதி உண்டான கேல் பள்ளம் ஏறத்தாழ 154 கிலோமீற்றர் அகலமானது; அதன் நடுவே 5 கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்த, அடுக்கடுக்கான அடையற் பாறைகளாலான மலை ஒன்று நிற்கிறது. மலையின் அடியில் பழைய அடுக்குகள், மேலே போகப்போகப் புதிய அடுக்குகள் என்பதால், ஏறுவது காலவரிசையில் வாசிப்பதற்கு ஒப்பாகும். 2013 பெப்ரவரியில் அது முதன்முதலாகத் துளைத்தபோது வெளிவந்த தூள் சிவப்பாக இருக்கவில்லை. சாம்பல் நிறமாக இருந்தது. செவ்வாயின் சிவப்பு அந்த இடத்தில் மேல்தோலில் மட்டுமே இருந்தது. அந்தத் தூளை ரோவர் தன் வயிற்றுக்குள் உள்ள இரண்டு ஆய்வுகூடங்களுக்கு ஊட்டியது. ஒன்று எக்ஸ் கதிரால் கனிமங்களை அடையாளம் காணும். மற்றையது தூளை அடுப்பில் உயர் வெப்பநிலைக்குச் சூடாக்கி, எழும் வாயுக்களைப் பகுத்துப் பார்க்கும். கிடைத்த முடிவு: அது களிக்கனிமங்கள் நிறைந்த சேற்றுப்பாறை, ஒருகாலத்தில் அங்கிருந்த ஏரியின் நீர் அதிக உப்போ அமிலமோ இல்லாதது, நுண்ணங்கிகள் வாழக்கூடிய சூழல் அங்கே இருந்தது. வாழ்ந்தன என்று அது சொல்லவில்லை. வாழக்கூடியதாக இருந்தது என்பதற்கும் வாழ்ந்தன என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை, இத்துறையில் தொடக்கநிலையில் உள்ள ஒவ்வொருவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த இடத்துக்கு அருகே, அதே ஆண்டில் துளைத்த கம்பர்லாந்து என்ற பாறையின் தூளில், 10 முதல் 12 வரையான காபன் அணுக்கள் தொடராக இணைந்த சேதனச் சேர்வைகள் கண்டறியப்பட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. செவ்வாயில் அதுவரை கண்டறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய சேதன மூலக்கூறுகள் அவையே. நன்றாகத் தெரிவுசெய்து எடுத்த ஒரு கல் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகும் புதிய விடை தருகிறது.

இடையில் துளைகருவியும் மக்கர் பண்ணியது. 2016 டிசம்பரில், துளைக்கும் முனையை முன்னும் பின்னும் நகர்த்தும் பகுதி வேலை செய்யாமல் போயிற்று. திருத்த ஆளனுப்ப வழியில்லை. பொறியியலாளர்கள் பூமியில் உள்ள அதன் மாதிரி வண்டியில் பலவிதமாகச் சோதித்து, முனையை நீட்டிய நிலையிலேயே விட்டுவிட்டு, ரோவரின் கை முழுவதையும் முன்னோக்கி அழுத்தித் துளைக்கும் புதிய முறையை உருவாக்கினார்கள். 2018 மே மாதத்தில் அது பலித்தது. ஒன்றரை ஆண்டு உழைப்பு, சில சென்ரிமீற்றர் ஆழமான ஒரு துளைக்காக.

மாதிரியை எடுத்துப் பொதிசெய்தல்

பெர்சிவரன்ஸின் வேலை இன்னும் ஒரு படி மேலானது. அது தூளாக்காமல், கல்லை அதன் அடுக்கு அமைப்புக் குலையாமல் ஒரு சிறு உருளையாக வெட்டி எடுக்கிறது. உருளையின் விட்டம் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர், நீளம் 6 சென்ரிமீற்றர். நம் சுண்டுவிரலுக்கும் சிறியது. அதை இடுவதற்கு 43 தைத்தானியக் குழாய்கள் ரோவருடன் சென்றன. அவற்றில் 5 குழாய்கள் கல்லுக்கானவை அல்ல. மாதிரி எடுக்கும் இடத்தில் அவற்றை வெறுமனே திறந்து மூடுவார்கள். பூமியிலிருந்து ரோவரோடு ஒட்டிக்கொண்டு போன ஏதாவது மாசு இருந்தால் அவை காட்டிக்கொடுக்கும். பிற்காலத்தில் ஒரு மாதிரியில் சேதனச் சேர்வை கிடைத்தால், அது செவ்வாயினதா நாம் கொண்டுபோனதா என்று பிரித்தறிய இதைவிட நேர்மையான வழி இல்லை.

முதலில் கையிலுள்ள கருவி பாறையின் மேற்பரப்பை வட்டமாகத் தேய்த்து, தூசியும் சிதைந்த தோலும் நீங்கிய பகுதி ஒன்றைத் தருகிறது. அந்த வட்டத்தில் எக்ஸ் கதிர்க் கருவியும் லேசர்க் கருவியும் மூலகங்களையும் சேதனப் பொருள்களையும் தேடுகின்றன. விஞ்ஞானிகள் அந்தத் தரவைப் பார்த்து, இந்தப் பாறை ஒரு குழாயைச் செலவிடத் தகுந்ததா என்று முடிவெடுப்பார்கள். குழாய்கள் எண்ணி வைத்தவை ஆதலால் இந்த விவாதம் கடுமையாகவே இருக்கும். தகும் என்று முடிவானால், அருகே துளைகருவி உருளையை வெட்டி உடைத்து எடுக்கும். குழாய் வண்டியின் வயிற்றுக்குள் சென்று, அங்கே கமராவால் படமெடுக்கப்பட்டு, கல்லின் அளவு அளக்கப்பட்டு, காற்றுப் புகாமல் மூடப்படும்.

2021 ஓகஸ்ட் 6ஆம் திகதி முதல் முயற்சி நடந்தது. துளை சரியாக விழுந்தது. கருவிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. குழாயைப் பார்த்தால் வெறுமை. பாறை எதிர்பார்த்ததைவிட நொய்ந்ததாக இருந்து, உருளையாக நிற்காமல் தூளாகிச் சிதறிவிட்டது. அந்தக் குழாய் வீணாகவில்லை. செவ்வாயின் வளிமண்டல மாதிரியாக அது பாதுகாக்கப்படுகிறது. அடுத்த மாதம் உறுதியான வேறொரு பாறையில் வெற்றி கிட்டியது.

பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசரோ பள்ளம் ஏறத்தாழ 45 கிலோமீற்றர் அகலமுடையது. முன்னொரு காலத்தில் ஏரியாக இருந்து, ஆறொன்று வந்து விழுந்த கழிமுகத்தை உடையது. ஆனால் பள்ளத்தின் தரையில் முதலில் கிடைத்தவை அடையற் பாறைகள் அல்ல, எரிமலைக் குழம்பிலிருந்து உருவான தீப்பாறைகள். ஏமாற்றம்போலத் தோன்றினாலும் இது நல்ல பேறு. தீப்பாறையிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களைக் கொண்டு அதன் வயதைத் துல்லியமாகக் கணிக்கலாம். அப்படிக் கணித்தால் அங்கே ஏரி எப்போது இருந்தது என்பதற்கும் எல்லை குறிக்கலாம். ஆயினும் அந்தக் கணிப்பைத் துல்லியமாகச் செய்ய ஒரு பெரிய ஆய்வுகூடம் வேண்டும். அதை ரோவரில் ஏற்ற முடியாது.

2024 ஜூலையில், அந்தப் பழைய ஆறு ஓடிய பள்ளத்தாக்கில், செயாவா ஃபோல்ஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு பாறையைப் பெர்சிவரன்ஸ் அடைந்தது. ஒரு மீற்றர் நீளமான அந்தப் பாறையில், கரிய விளிம்பும் வெளிறிய நடுவும் கொண்ட சிறுத்தைப் புள்ளிகள் போன்ற அடையாளங்கள் இருந்தன. அவற்றில் இரும்புப் பொஸ்பேற்றுக் கனிமமும் இரும்புச் சல்பைட்டுக் கனிமமும் இருப்பதற்கான சான்றுகள் கிடைத்தன. பாறையில் சேதனக் காபனும் இருந்தது. பூமியின் சேற்றில் நுண்ணங்கிகள் சேதனப் பொருளை உண்டு இத்தகைய கனிமங்களை உருவாக்குவதுண்டு. உயிரில்லாத இரசாயனத் தாக்கங்களாலும் அவை உருவாகக்கூடும். 2025 செப்ரெம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை இதனை உயிரின் தடயமாக இருக்கக்கூடியது என்றே குறிப்பிட்டது. உயிர் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லவில்லை. தலைப்புச் செய்திகளில் இந்த வேறுபாடு பல இடங்களில் அழிந்துபோனது வருத்தத்துக்குரியது. 1996இல், அந்தாட்டிக்காவில் கிடைத்த செவ்வாய் விண்கல் ஒன்றில் நுண்ணங்கியின் படிவுகள் உள்ளதாக அறிவிக்கப்பட்டு உலகமே பரபரத்தது; பின்னர் பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு இத்துறையினர் சொல்லை அளந்து பேசுவது சரியானதே.

குழாய்கள் எப்போது வரும்?

செயாவா ஃபோல்ஸிலிருந்து எடுத்த உருளை இப்போது ரோவருக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. வேறு 10 குழாய்கள் ஜெசரோவில் திரீ ஃபோக்ஸ் என்ற சமதரையில் வைக்கப்பட்டுள்ளன. 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் ரோவர் அவற்றை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கொன்று எட்டத்தில் இட்டது. ரோவரே பழுதாகி அதனுள் உள்ளவற்றை எடுக்க முடியாமல் போனால், வைப்பில் உள்ளவையாவது மிஞ்சட்டும் என்பது ஏற்பாடு.

அவற்றைக் கொண்டுவருவதற்கு நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகவரகமும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன: ஒரு கலம் செவ்வாயில் இறங்க வேண்டும், குழாய்களை ஏற்றிய சிறு ஏவூர்தி ஒன்று அங்கிருந்து மேலெழ வேண்டும், வேறொரு கலம் அதைச் சுற்றுப்பாதையில் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவர வேண்டும். வேறொரு கோளிலிருந்து இதுவரை எவரும் ஏவூர்தி ஏவியதில்லை. 2023இல் சுயாதீனக் குழு ஒன்று செலவை 800 கோடி முதல் 1,100 கோடி டொலர் வரை மதிப்பிட்டது; மாதிரிகள் 2040 வரை வராமல் போகலாம் என்ற நிலையில், இந்தச் செலவும் காலமும் ஏற்கத்தக்கவை அல்ல என்று 2024இல் நாசாவே அறிவித்து மாற்று வழிகளைத் தேடத் தொடங்கியது. செலவு பெரிதுதான். ஆனாலும், இலட்சக்கணக்கான கற்களிடையே தேடிப் பார்த்து, சோதித்து, விவாதித்துத் தெரிவுசெய்த கற்கள் அவை. எடுக்கும் வேலையின் கடினமான பாதி முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கிடையே ஐரோப்பாவின் ரோசலின்ட் ஃபிராங்க்ளின் ரோவர் 2028இல் ஏவப்படவுள்ளது. அதன் துளைகருவி 2 மீற்றர் ஆழம் வரை செல்லும். செவ்வாய்க்குப் பூமியைப் போன்ற தடித்த வளிமண்டலமோ காந்தக் கவசமோ இல்லாததால், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேற்பரப்பிலுள்ள சேதன மூலக்கூறுகளைச் சிதைத்துவிடுகின்றன. ஆழத்தில் இருப்பவை தப்பியிருக்கலாம்.

இவற்றை யாழ்ப்பாணத்திலிருந்தே தொடர்ந்து கவனிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். இரண்டு ரோவர்களும் அனுப்பும் படங்களை நாசா தன் இணையத்தளத்தில், திருத்தம் எதுவும் செய்யாமல், பூமிக்கு வந்துசேர்ந்த வேகத்திலேயே இலவசமாக வெளியிடுகிறது. கைத்தொலைபேசியில் பார்க்கலாம். ஒவ்வொரு படத்திலும், எத்தனையாவது செவ்வாய் நாள் என்பதைக் காட்டும் சொல் (sol) எண்ணும் கமராவின் பெயரும் இருக்கும். அடுத்தடுத்த சில நாள்களின் படங்களை வரிசையாகப் பாருங்கள். காட்சி மாறாமல் ஒரே பாறை திரும்பத் திரும்பத் தோன்றினால், ரோவர் அங்கே நிற்கிறது. பாறையில் நாணயம்போல வட்டமாகத் தேய்த்த வெளிறிய தடம் தெரிந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் அருகே சிறிய வட்டத் துளையொன்று தோன்றிவிட்டால், அந்தக் கல் தெரிவாகிவிட்டது.